பதினைந்தாவது நீர்நிலை

தென்பாதிச்சேத்தி கிராமத்தில் குளம் ஆறு, குட்டை ஐந்து, தாமரைக்கேணி ஒன்று, வாய்க்கால் இரண்டு. ஆக மொத்தம் நீர்நிலை பதினான்கு என்றுதான் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எழுதிவந்தார்கள். பதினைந்தாவது, லஸ்கர் வீரையன் வீட்டுக் கூடத்தில், மின்சார மீட்டருக்குக் கீழே ஒரு மர பெஞ்சின் மேல் இருந்தது. நீளம் மூன்றடி, அகலம் ஒன்றேகால், உயரம் ஒன்றரை. மற்ற பதினான்கும் வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும். இது மட்டும் வற்றினதே இல்லை. அரசாங்கத்தின் கண்ணில் பட அதுவே போதுமானதாக இருந்தது.

வீரையன் முப்பத்தோரு வருஷம் நரியூர் வாய்க்கால் தலைப்பில் லஸ்கராக இருந்தவர். லஸ்கர் என்றால் ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர். எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்கிறவர் அல்ல. அது மேலே யாரோ முடிவு செய்து, ஒரு துண்டுச் சீட்டில் வரும். சீட்டில் என்ன இருக்கிறதோ அத்தனை சுற்று சுற்ற வேண்டும். தினமும் காலை ஆறு மணிக்கு மதகுச் சுவரில் சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்டிருக்கிற கேஜைப் பார்த்து, நீர்மட்டத்தை நோட்டில் எழுத வேண்டும். முப்பத்தோரு வருஷத்தில் அவர் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றியதில்லை, ஒரு சுற்று குறைத்ததில்லை, நோட்டில் ஒரு நாள் விட்டதில்லை. அந்த நோட்டை யாராவது படித்தார்களா என்பது அவருக்குத் தெரியாது. ஓய்வுபெற்ற அன்று ஒரு பொன்னாடையும் ஒரு அலாரக் கடிகாரமும் கொடுத்தார்கள். இனி எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாத மனுஷனுக்கு அலாரம் கொடுப்பது இலாகாவின் மரபு.

மீன்தொட்டி இலாகா கொடுத்தது அல்ல. அவருக்கு மேலே இருந்த உதவிப் பொறியாளர் மலைப் பக்கம் மாற்றலாகிப் போனபோது, "வீரையா, இதை லாரில ஏத்துனா உடைஞ்சிரும். நீதானே இத்தனை நாளா தண்ணி மாத்திக்கிட்டிருந்த, நீயே வச்சுக்க" என்று விட்டுப் போனது. அதில் இப்போது மீன் பதினொன்று. கறுப்பு மோலி மூன்று, வாள்வால் நான்கு, கௌராமி இரண்டு, கண்ணாடியை நக்கிக்கொண்டே அடியில் கிடக்கும் சக்கர் ஒன்று, ஏஞ்சல் ஒன்று. ஏஞ்சல் ஜோடியாகத்தான் வந்தது. ஜோடி முதல் கோடையிலேயே போய்விட்டது. மிச்சமிருந்தது, இரண்டு பக்கமும் துடுப்பை விரித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் யாரும் கவனிக்காத பெரிய மனுஷர் மாதிரி நடுவில் நிற்கும்.

வீரையன் மனைவி அம்சவல்லி மகள் பிரசவத்துக்கென்று திருப்பூர் போனார். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனது. அப்போது பிறந்த பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மகளும் மாப்பிள்ளையும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை தோறும் மூஸா வைத்திருக்கும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீரையன் போன் பண்ணுவார்.

"பேசாம நீங்களும் இங்க வந்துருங்களேன்" என்பார் அம்சவல்லி.

"மீனை யாரு பாத்துக்கறது?" என்பார் வீரையன்.

திருப்பூரில் இருப்பது ஒரே ஒரு அறை, அதில் நாலு பேருக்கு மேல் படுக்க இடமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மீன் இருந்ததால் அதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

தொட்டி வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. வீரையன் எழுந்து போய்த் தொட்டி முன்னால் நின்றார். தண்ணீர் இருந்தது. மீன் இருந்தது. ஏதோ ஒன்று இல்லை. அன்றைக்கே பழைய பெயின்ட் டப்பாக்களைத் தேடி எடுத்து, கண்ணாடியின் இடது ஓரத்தில் பூஜ்யத்திலிருந்து பதினாறு அங்குலம் வரை சிவப்பும் கறுப்புமாகக் கேஜ் போட்டார். ஒரு நோட்டு வாங்கினார். தேதி, மட்டம், குறிப்பு. மட்டம் பதினைந்து. குறிப்பு: ஏஞ்சல் நலம்.

நாலு வருஷம் இப்படியே போயிற்று. யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை.

அப்புறம் கடலோரத்தில் நெல் வயலை வெட்டி இறால் குட்டை போட்டார்கள். உப்பு ஏறிப் பக்கத்து வயல்களெல்லாம் பாழானது. கொடி பிடித்தார்கள், மறியல் செய்தார்கள், மண்டைகள் உடைந்தன. விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. மீன் வளர்க்கிற நீர்நிலை எங்கெங்கே எத்தனை என்று கோர்ட் கேட்டது. இறால் குட்டைக்காரர்கள் எல்லாரும் செல்வாக்கானவர்கள். ஆகையால் கணக்கெடுப்பு கடலிலிருந்து முடிந்த மட்டும் தள்ளி ஆரம்பித்தது.

தென்பாதிச்சேத்திக்குக் கிராம நிர்வாக அலுவலர் சாமிதுரை. படிவத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விட அவருக்கு மனசு வராது. காலியாக விட்டால் மேலே கேட்பார்கள், நிரப்பிவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். இருபது வருஷ உத்தியோகத்தில் அவர் கண்டறிந்த உண்மை இது ஒன்றுதான். பதினான்கு நீர்நிலையையும் வெயிலில் சுற்றிவிட்டு, தலையாரி காத்தானோடு வீரையன் வீட்டில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தவர், சொம்பை வாயிலிருந்து எடுக்காமலே தொட்டியைப் பார்த்தார்.

"என்ன வீரையன், கேஜெல்லாம் போட்டிருக்கீங்க?"

"பழக்கந்தாங்க."

"ரீடிங் எடுக்கிறீங்களா?"

"காலைல ஆறு மணிக்குங்க."

"நோட்டு?"

வீரையன் நோட்டைக் கொடுத்தார். முப்பத்தைந்து வருஷமாக அவர் நோட்டை ஒரு மனுஷன் புரட்டிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். சாமிதுரை பக்கம் பக்கமாகத் திருப்பினார். அவர் முகம் மெதுவாக மலர்ந்தது. படிவத்தில் எட்டாவது கேள்வி: நீர்மட்டம் தினசரி அளவிடப்படுகிறதா? பதினான்குக்கும் 'இல்லை' என்று எழுதி அவருக்குக் கையே கூசிப்போயிருந்தது.

"இதையும் சேத்துடறேன்."

"ஐயா, இது தொட்டிங்க."

"குளமா தொட்டியான்னு படிவத்துல கேக்கலியே. தண்ணி நிக்குதா, மீன் இருக்கா, அளக்கறாங்களா, அவ்வளவுதான் கேக்குது. இதுல எவ்வளவு பாயுது?"

"புரியலிங்க."

"பாசனப் பரப்புய்யா. இந்தத் தண்ணி எங்க போவுது?"

"தண்ணி மாத்துறப்ப கொல்லையில ஒரு கத்திரிச் செடிக்கு ஊத்துவேங்க."

சாமிதுரை எழுதிக்கொண்டார். பாசனப் பரப்பு: கத்திரி. பெயர் என்ற கட்டத்தில் சற்று யோசித்து 'வீரையன் குளம்' என்று போட்டார். காத்தான் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனான். வீரையனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

ஆவணி மாதம் அந்தக் குளத்தைத் தூர் வாரினார்கள். ஆட்கள் யாரும் வரவில்லை. ஒரு டிராக்டரில் போர்டு மட்டும் வந்தது. 'வீரையன் குளம் தூர் வாரும் பணி நிறைவடைந்தது' என்று ஆளுங்கட்சி நிறத்தில் எழுதி, வீட்டு வாசலில் குழி தோண்டி நட்டுவிட்டுப் போனார்கள். ஆறடி அகல போர்டு. அதற்கப்புறம் வீரையன் தன் வீட்டுக்குள் உடம்பைச் சாய்த்துக்கொண்டுதான் நுழைய வேண்டியிருந்தது.

ஐப்பசியில் தாசில்தார் அமிர்தலிங்கம் நேரில் வந்தார். சாய்ந்து நுழைந்தார். தொட்டியைப் பார்த்தார்.

"இதுதானா?" என்றார்.

"இதுதாங்கய்யா" என்றார் சாமிதுரை.

"கோர்ட்டுக்கு எத்தனைன்னு போயிருக்கு?"

"பதினஞ்சுங்கய்யா. கலெக்டர் கையெழுத்தோட."

தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்தார். வீரையன் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார். "இதப் பாருப்பா" என்றார் வீரையனிடம். "தனிப்பட்ட முறையில, இது மீன்தொட்டின்னுதான் நான் நினைக்கிறேன். என் வீட்லயே ஒண்ணு இருக்கு. ஆனா தனிப்பட்ட முறையில நான் தாசில்தார் இல்லையே."

"எடுத்துக் கொல்லையில வச்சுடறேங்க."

"நீர்நிலையை இடம் மாத்துனா ஜெயிலு."

"மீனை யாருக்காச்சும் குடுத்துட்டு..."

"பதினோரு மீன்னு ரெஜிஸ்தர்ல ஏறியாச்சு. ஒண்ணு குறைஞ்சாலும் திருட்டு." தாசில்தார் டீயை உறிஞ்சினார். சுற்றிலும் சுவரைப் பார்த்தார். அவர் முகத்தில் புதிதாக ஒரு கவலை தோன்றியது. "சாமிதுரை, இந்த வீடு எப்படி வந்துச்சு?"

"குடியிருப்புப் பட்டாங்கய்யா. சட்டம் வந்தப்ப மிராசுதார் மனைலேர்ந்து பிரிச்சுக் குடுத்தது."

அது பிரித்துக் கொடுத்தது அல்ல. வீரையனின் அப்பாவும் இன்னும் பதினோரு பேரும் அடிபட்டு, வைக்கோல்போர் எரிந்து, திருத்துறைப்பூண்டி சப்-ஜெயிலில் நாற்பது நாள் கிடந்து வாங்கினது. ஆனால் ரெஜிஸ்தரில் அதற்குக் கட்டம் இல்லை.

"நீர்நிலைக்குப் பட்டா குடுக்க முடியாதேய்யா" என்றார் தாசில்தார். "அப்படின்னா குளம் வீட்டுக்குள்ள இல்ல. வீடு குளத்துக்குள்ள இருக்கு. ஆக்கிரமிப்பு."

வீரையன் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சுவரும் இப்போது ஆக்கிரமிப்பு என்று ஞாபகம் வந்து கையை எடுத்தார்.

"பயப்படாதே. தேர்தல் வருது. ஏழைகள் விஷயத்துல இந்த அரசு கருணையோட இருக்குது. ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் நீ இருக்கலாம்." எழுந்தவர் வாசலருகே திரும்பினார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இது இப்ப கேஜ் போட்ட குளம். ஆத்துக்கு என்ன உத்தரவோ அதே உத்தரவுதான் இதுக்கும். நீ லஸ்கரா இருந்தவன், உனக்கு நான் சொல்லவேண்டியதில்ல."

வீரையனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லைதான். மேட்டூரை ஜனவரி இருபத்தெட்டாம் தேதி மூடுவார்கள். ஜூன் பன்னிரண்டில்தான் திறப்பார்கள். நடுவில் சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது. அந்த வருஷம் மழையும் பொய்த்து, அணையில் தண்ணீரும் இல்லாமல், இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் காத்தான் ஒரு துண்டுச் சீட்டு கொண்டுவந்தான். கட்டுப்பாட்டிலுள்ள எல்லா நீர்நிலைகளுக்கும் நீர் வழங்கல் நிறுத்தப்படுகிறது. பட்டியலில் கடைசி வரி: வீரையன் குளம். தினமும் காலை ஆறு மணிக்குத் தலையாரி வந்து மட்டத்தைச் சரிபார்த்து மேலொப்பம் இட வேண்டும்.

"இதெல்லாம் சும்மா பேப்பர் மாமா" என்றான் காத்தான். "குடத்தை எடுத்து ஊத்திட்டுப் போங்க."

வீரையன் சீட்டை இரண்டு தடவை படித்து, மடித்து, நோட்டுக்குள் வைத்தார். சீட்டு வந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் அந்தச் சீட்டுக்குக் கட்டுப்பட்ட கை அது. அதற்கு வேறு வேலை தெரியாது.

தை போனது. பதினைந்து அங்குலம் பதிமூன்றாயிற்று. காத்தான் தினமும் ஆறு மணிக்கு வந்தான். வீரையன் வரக்காப்பி போட்டு வைத்திருப்பார். இரண்டு பேரும் பெஞ்சு முன்னால் குந்தி மட்டத்தைப் பார்ப்பார்கள். காத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு, எந்தத் தெருவில் யாருக்குச் சண்டை, யார் மகள் யாரோடு போனாள் என்று அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவான். அம்சவல்லி போன பிறகு அந்த வீட்டில் காலையில் இரண்டு டம்ளர் கழுவினது அந்த மாசங்களில்தான். உள்ளதைச் சொன்னால், உத்தரவின்மேல் வீரையனுக்குக் கோபமே வரவில்லை.

மாசி கடைசியில் பத்து. பங்குனியில் ஏழு. தண்ணீர் பச்சை பிடித்தது. வாள்வால்கள் குதிப்பதை நிறுத்திவிட்டன. சித்திரை பிறந்தபோது நாலு அங்குலம். ஏஞ்சல் உயரமான மீன். மேல் துடுப்பு தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. இரண்டு நாள் அப்படியே நின்று பார்த்துவிட்டு, அது உடம்பைச் சாய்த்துக்கொண்டு நீந்த ஆரம்பித்தது. போர்டைத் தாண்டி வீட்டுக்குள் நுழைகிற வீரையன் மாதிரியே.

அன்று வீரையன் தாலுகா ஆபீசுக்குப் போனார். காலையிலிருந்து நின்று, மூன்று மணிக்குத் தாசில்தாரைப் பார்த்தார்.

"ரெண்டே ரெண்டு அங்குலங்கய்யா. மீனு சாவுது."

"வீரையன், மாநிலமே தண்ணிக்குத் தவிக்குது. பக்கத்து மாநிலத்துக்காரன் என்ன பண்றான்னு பேப்பர்ல பாக்கறல்ல? இந்த நேரத்துல உனக்கு ரெண்டு அங்குலம் ஒதுக்கினேன்னா கடைமடை விவசாயி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" மேஜையில் கண்ணாடி டம்ளரில் அவருக்குத் தண்ணீர் மூடி வைத்திருந்தது. "ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போ. ஜூன் பன்னெண்டுக்குள்ள பாத்துடறேன்."

வீரையன் திரும்பி வரும்போது ஊர்க் குழாயடியில் கண்ணாத்தாள் குடத்தோடு நின்றிருந்தாள். கண்ணாத்தாள் கடைமடையில் இரண்டு மா குத்தகை நிலம் வைத்திருப்பவள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, பயிர் பால் பிடிக்கிற சமயத்தில், ஷட்டரடியில் வந்து நின்றாள். ரெண்டு அங்குலம் தூக்குங்கண்ணே, நாலு மணி நேரம் போதும் என்று கெஞ்சினாள். சீட்டு வரலம்மா என்றார் வீரையன். சீட்டு எட்டு நாள் கழித்து வந்தது. பயிர் அதற்குள் மணி பிடிக்காமல் சாவியாகிவிட்டது. அறுத்து மாட்டுக்குப் போட்டாள். அதற்கப்புறம் அவள் அவரை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை.

"என்ன லஸ்கரே, மூஞ்சி செத்துக் கெடக்கு?"

"ஏஞ்சல் சாய்ஞ்சிருச்சு கண்ணாத்தா."

"தண்ணி ஊத்தறதுதானே?"

"சீட்டு வரல."

கண்ணாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு நான் என்னமோ எனக்குன்னுதான் நீ இப்படிப் பண்ணினேன்னு இத்தனை வருசமா வயிறெரிஞ்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "உன் வீட்டு மீனுக்கும் இதேதானா? அட லூசு மனுசா." குடத்தை இடுப்பில் ஏற்றினாள். நாலடி போய்த் திரும்பி வந்தாள். நிறைந்த குடத்தை அவர் காலடியில் வைத்தாள். "ரெண்டங்குலம் எவ்வளவுன்னு அன்னைக்குத் தெரியல உனக்கு. இன்னைக்காச்சும் தெரியட்டும். குடத்தைக் காலைல குடுத்து வுடு."

குடம் இரவெல்லாம் கூடத்தில் இருந்தது. மறுநாள் ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. காத்தான் வந்தான். மட்டம் மூன்று. ஏஞ்சல் கிட்டத்தட்டப் படுத்திருந்தது. செவுள் மட்டும் திறந்து மூடியது. வீரையன் கண்ணாத்தாளின் குடத்தைத் தூக்கினார். முப்பத்தைந்து வருஷத்தில் சீட்டு இல்லாமல் அவர் திறக்கும் முதல் ஷட்டர். ஊற்றினார். பின்னால் போய்த் தன் குடத்தையும் கொண்டுவந்து ஊற்றினார். பச்சைத் தண்ணீர் கலங்கிச் சுழன்றது. அடியில் கிடந்த சக்கர் எழுந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஏஞ்சல் ஒரு உதறு உதறி, மெதுவாக, மெதுவாக நிமிர்ந்தது.

காத்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தான். "சரி மாமா. நோட்டுல ரெண்டேமுக்கால்னு எழுதிப்புடுங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன். நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியப் போவுது?"

தண்ணீரைத் திறக்கலாம். அதைக்கூட வீரையன் கை அன்று கற்றுக்கொண்டது. ஆனால் நோட்டில் பொய் எழுதுவது வேறு விஷயம். அவர் குனிந்து கேஜைப் பார்த்தார். எழுதினார். மட்டம்: ஆறு. குறிப்பு: ஏஞ்சல் நேராக நிற்கிறது.

ஆறு என்ற மட்டம் தாலுகா ஆபீசுக்குப் போய், பன்னிரண்டே நாளில் விசாரணைக் குழு வந்துவிட்டது. வீரையன் வீட்டுக் கூடத்தில் தாசில்தார், புதிய உதவிப் பொறியாளர், சாமிதுரை, வருவாய் ஆய்வாளர், அவர்களுடைய டிரைவர்கள், ஒரு போலீஸ்காரர். ஆள் ஆளாகச் சாய்ந்து நுழைந்தார்கள். வீரையன் பக்கத்து வீடுகளில் டம்ளர் வாங்கி வந்தார். அந்த வீடு கட்டின நாளிலிருந்து அத்தனை பேர் அதற்குள் இருந்ததில்லை.

"மூணு அங்குலம் ஏறியிருக்கு" என்றார் தாசில்தார். "எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்க பக்கத்துலேர்ந்து வரல" என்றார் உதவிப் பொறியாளர் அவசரமாக. "ஷட்டர் பூரா இறக்கியாச்சு. ஆத்துலேர்ந்து வந்துச்சுன்னு எழுதினீங்கன்னா நான் சஸ்பெண்டு."

"ஊத்துத் தண்ணியா இருக்குமோ?"

"நிலத்தடி நீர் இறங்கிப் போச்சுன்னு போன மாசந்தான் எழுதியிருக்கோம்யா" என்றார் வருவாய் ஆய்வாளர். "இப்ப மேல வந்துச்சுன்னா அசிங்கம்."

"நாந்தாங்க ஊத்தினேன்" என்றார் வீரையன். "ரெண்டு குடம்."

எல்லாரும் அவரை, பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவன் திடீரென்று பாட ஆரம்பித்தால் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். தாசில்தார் அவர் தோளில் கை வைத்து ஒரு ஓரமாக நகர்த்திக்கொண்டு போனார்.

"நீ நல்லவன். அதுதான் இங்க பிரச்சினை. நீ ஊத்தினேன்னா குற்றம். குற்றம்னா கேஸ். கேஸ்னா குளத்தோட நீள அகலம் கோர்ட்டுக்குப் போவணும். போனா, மூணடித் தொட்டியைக் குளம்னு எழுதினது யாரு, தூர் வாரினது யாரு, அதுக்குக் கையெழுத்து போட்டது யாருன்னு கேப்பான். உன் ஒரு உண்மையால எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்னு யோசிச்சுப் பாத்தியா? சர்க்கார்ல வேலை பாத்தவன், கொஞ்சம் மனசாட்சியோட நடந்துக்க."

வீரையன் தலை குனிந்தார். தாசில்தார் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கையை மேலே காட்டினார்.

"ஆத்துலேர்ந்து வரல. பூமிலேர்ந்து வரல. மிச்சம் என்ன இருக்கு?"

எல்லாரும் மேலே பார்த்தார்கள். ஓடு தெரிந்தது.

"மழை" என்றார் சாமிதுரை. கட்டம் நிரம்பிய நிம்மதி அவர் குரலில் இருந்தது.

அன்றே கிராமத்து மழைப் பதிவேட்டில் ஏற்றினார்கள்: சித்திரை மாதம், கோடை மழை, மூன்று அங்குலம். டீ குடித்தார்கள். போகும்போது உதவிப் பொறியாளர் தொட்டி முன்னால் குனிந்து, கண்ணாடியை ஒரு விரலால் தட்டி, "அழகா இருக்குல்ல" என்றார். ஏஞ்சல் அவரைப் பார்த்தது.

வைகாசியில் வறட்சி நிவாரணப் பட்டியல் வந்தது. சுற்றிலும் இருக்கிற பதினேழு கிராமமும் அதில் இருந்தன. தென்பாதிச்சேத்தி இல்லை. கலெக்டர் ஆபீசில் விசாரித்தவர்களிடம், உங்க ஊர்ல சித்திரையிலேயே மூணு அங்குலம் பேஞ்சிருக்கே, இன்னும் என்ன நிவாரணம் என்று சிரித்திருக்கிறார்கள். எங்கே பெய்தது என்று தேட ஊருக்கு ஒரு நாள் பிடித்தது.

யாரும் வந்து சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் வீரையன் நாலு வார்த்தை பேசியிருப்பார். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்ததும் மற்றவர்கள் எழுந்தார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்த டம்ளர்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். காத்தானுக்கும் ஒரு மா குத்தகை இருந்தது. ஆறு மணிக்கு அவன் வரவில்லை. வரக்காப்பி ஆறிப் போயிற்று. கண்ணாத்தாள் குழாயடியில் அவரைப் பார்த்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ரெண்டாந்தடவ, லஸ்கரே" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீரையன் மனு எழுதினார். மழை பெய்யவில்லை, நான்தான் ஊற்றினேன், ஊரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று. இப்படி ஏழு மனு. ஓட்டு எண்ணி, ஆட்சி மாறி, தாசில்தாரும் மாறிய பிறகு பதில் வந்தது. தணிக்கையில் 'வீரையன் குளம்' என்று ஒரு நீர்நிலை சம்பவ இடத்தில் இல்லை எனத் தெரிய வருவதால் அது பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. வீடு ஆக்கிரமிப்பு அல்ல. தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளத் தடையில்லை. மழையைப் பொறுத்தமட்டில், ஏற்கெனவே பெய்துவிட்ட மழையை ரத்து செய்ய விதிகளில் இடமில்லை.

போர்டை மட்டும் எடுக்கவில்லை. நிறம் மாற்றி எழுதிவிட்டுப் போனார்கள்.

வீரையன் பதினைந்து அங்குலத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். ஏஞ்சல் தொட்டி முழுக்க இடமிருந்தும், பழக்க தோஷத்தில் கொஞ்ச நாள் சாய்ந்தே நீந்தியது. காலை ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும். அவர் மட்டத்தை எழுதுவார். பக்கத்தில் மேலொப்பத்துக்கென்று காத்தான் போட்ட கோடு இருக்கும். அதையும் தினமும் போடுவார். அந்தக் கட்டம் காலியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூத்துக்குப் போனார். மூஸா எப்போதும், "அண்ணே, ஏஞ்சல் எப்படி இருக்காரு?" என்று கேட்பான். இப்போது எண்ணைச் சுழற்றி ரிசீவரைக் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கண்ணாடிக் கூண்டுக்குள் வீரையன் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். மீட்டரில் சிவப்பு எண்கள் ஏறின.

"சாப்பிட்டீங்களா?" என்றார் அம்சவல்லி. பின்னால் பனியன் தைக்கிற மெஷின் சத்தம்.

"ஆச்சு."

"ஏங்க, நம்மூர்க்காரப் பையன் ஒருத்தன் கம்பெனிக்கு வந்தானாம். சித்திரையில நம்மூர்ல மட்டும் மூணு அங்குலம் மழையாமே? மாப்ள சொன்னாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லல?"

"ஆமா. பேஞ்சுது."

"நல்லதாப் போச்சு. ஊர் சனம் பிழைச்சிருக்கும். அதான் எல்லாரும் சந்தோசமா இருப்பாங்களேன்னு நினைச்சுக்கிட்டேன்." பிறகு, "நம்ம வீடு ஒழுகுச்சாங்க? அந்த மேலண்டை ஓடு மாத்தாமயே வந்துட்டேனே" என்றார்.

வீரையன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். மூஸாவின் முதுகு தெரிந்தது. அதற்கு அப்பால் வெயில்.

"வீட்டுக்குள்ள மட்டுந்தான் பேஞ்சுது, அம்சா" என்றார்.